தோற்றவர்களின் கடன் கடதாசி: போர்க்காலப் பிணைமுறி சேகரிக்கத் தொடங்குபவர்களுக்கு

போர் நடத்துகிற எந்த அரசுக்கும் வரிப்பணம் காணாது. மிச்சத்தைக் கடனாக எடுக்கும். கடன் தந்தவர் கையில் ஒரு கடதாசியைக் கொடுக்கும்: இவ்வளவு தொகை, இவ்வளவு வட்டி, இந்தத் திகதியில் முதல் திரும்பும் என்று. அதுதான் பிணைமுறி. மத்திய வங்கி இன்று விற்கும் திறைசேரி முறிகளுக்குக் கடதாசி கிடையாது, கணினிப் பதிவு மட்டும். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று இலங்கை அறிவித்தபோதும், அந்தக் கடனின் அடையாளமாக அலுமாரியில் எடுத்து வைக்க யாருக்கும் ஒரு தாள் மிஞ்சவில்லை. நூறு, நூற்றைம்பது வருடத்துக்கு முந்திய அரசுகள் அப்படியில்லை. கடன் கேட்கிறவன் கையில் காசில்லை என்பது வெளியில் தெரியக்கூடாது என்பதற்காகவே, உருக்குத் தகட்டில் படம் செதுக்கி, ஓரம் முழுக்கப் பின்னல் கோலம் போட்டு, கனத்த தாளில் அச்சடித்துக் கொடுத்தன. அந்தத் தாள்களைத்தான் இன்று உலகம் முழுக்கச் சேகரிக்கிறார்கள். தனிப் பொழுதுபோக்காக இது 1970-களில் பிரித்தானியாவிலும் ஜேர்மனியிலும் வளர்ந்தது. மட்டக்களப்பிலோ கல்முனையிலோ இருந்துகொண்டும் செய்யலாம். கடை இங்கே இல்லை. உப்புக்காற்றும் மாரி ஈரமும் உண்டு. இரண்டையும் சமாளிக்கத் தெரிந்தால் போதும்.

ஏன் கட்டாத கடன்தான் கையில் கிடைக்கிறது

இந்தச் சேகரிப்பில் முதலில் பிடிபட வேண்டியது இதுதான். கடனை அடைக்கும்போது அரசு முறியைத் திருப்பி வாங்கும், துளையிடும், எரிக்கும். ஆகவே ஒழுங்காகக் கடன் கட்டிய அரசின் முறி அநேகமாக உலகில் இல்லை. கட்டாமல் விட்ட அரசின் முறி பெட்டி பெட்டியாக இருக்கிறது.

அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பாருங்கள், 1861 முதல் 1865 வரை. வட தரப்பு 1862 பெப்ரவரிச் சட்டத்தின்கீழ் 6 வீத வட்டியில் 50 கோடி டொலர் முறிகளை வெளியிட்டது. ஜே குக் என்ற வங்கியாளர் ஊர் ஊராக முகவர் வைத்து அவற்றை விற்றார். வட தரப்பு வென்றது, கடனைக் கட்டியது, முறிகளைத் திரும்ப எடுத்தது. இன்று அதில் ஒன்றைக் காண்பதே அருமை. தென்மாநிலக் கூட்டமைப்பும் கடன் எடுத்தது: 1861 பெப்ரவரி 28 சட்டத்தில் 8 வீதத்துக்கு 1.5 கோடி டொலர், 1864 பெப்ரவரி 17 சட்டத்தில் 6 வீதத்துக்கு 50 கோடி. அது தோற்றது. 1868-இல் நிறைவேறிய அமெரிக்க யாப்பின் 14-ஆம் திருத்தம், அந்தக் கடனை மத்திய அரசோ எந்த மாநிலமோ கட்டக்கூடாது என்றே எழுதிவிட்டது. வாங்கியவர்கள் கடதாசியை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அப்படிக் கிடந்த ஒரு பெருங்கட்டு 1987-இல் லண்டனில் ஏலத்துக்கு வந்தது. அதனால்தான், 160 வருடப் பழமையும் கையால் போட்ட கையொப்பமும் உள்ள தென்மாநில முறியைத் தொடக்கநிலைச் சேகரிப்பாளர் வாங்கக்கூடிய விலைக்குப் பெற முடிகிறது. வட தரப்பு முறியைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. பழசு என்பதால் மட்டும் விலை ஏறுவதில்லை. எத்தனை தாள் தப்பிப் பிழைத்தன என்பதே கணக்கு.

முதலாம் உலகப் போரிலும் இதே கதை. அமெரிக்கா 1917, 1918-இல் நான்கு ‘லிபர்ட்டி’ கடன்களும் 1919-இல் ஒரு ‘விக்டரி’ கடனும் எடுத்தது. கோடிக்கணக்கில் விற்ற முறிகள். துளையிடாத ஒன்று கிடைப்பது இன்று கடினம். பிரித்தானியா தன் போர்க்கடனின் கடைசி மிச்சத்தை 2015 மார்ச் 9-இல்தான் கட்டி முடித்தது. ரஷ்யாவில் சோவியத் ஆட்சி 1918 பெப்ரவரியில் சார் மன்னர் காலத்துக் கடன் முழுவதையும் ரத்துச் செய்தது. 1917-இல் இடைக்கால அரசு வெளியிட்ட 5 வீத ‘சுதந்திரக் கடன்’ முறிகளில் சிறு தொகை முறிகள், அடுத்த வருடமே பணத்தாள் போலக் கைமாறின. ஜேர்மனி 1914 முதல் 1918 வரை ஒன்பது முறை 5 வீதப் போர்க்கடன் எடுத்தது. 1923 பணவீக்கம் அதன் பெறுமதியைத் தின்றுவிட்டது. ரஷ்ய, ஜேர்மன் முறிகள் இன்றும் மலிவு. கையில் எடுத்துப் பழக இவைதான் நல்லவை.

ஒரு முறியை வாசிப்பது

தலைப்பில் நாட்டின் பெயர், கடனின் பெயர், எந்தச் சட்டத்தின்கீழ் என்பது இருக்கும். நடுவில் அல்லது மேலே ஒரு படம்: தேவதை, கப்பல், நிதியமைச்சரின் முகம். பிறகு முகப்பெறுமதி, வட்டி வீதம், நிபந்தனைகள், தொடர் இலக்கம், கையொப்பங்கள், முத்திரை. கீழே அல்லது பக்கத்தில் சின்னச் சின்னக் கட்டங்களாகக் கூப்பன்கள்.

கூப்பன்தான் முறியின் நாட்குறிப்பு. சங்கக் கடையில் கூப்பன் புத்தகத்தில் வெட்டிக் கொடுத்து அரிசி எடுத்த காலத்தை நினைத்தால் விளங்கும்: ஆறு மாதத்துக்கு ஒன்றை வெட்டி வங்கியில் நீட்டினால் வட்டிக் காசு. ஆகவே எத்தனை கூப்பன் மிச்சம் என்று எண்ணினால் வட்டி எப்போது நின்றது என்று சொல்லிவிடலாம். 1913-இல் சீன அரசு எடுத்த 2.5 கோடி பவுண், 5 வீத மறுசீரமைப்புத் தங்கக் கடன் நல்ல பயிற்சி. 20 பவுண் முறியில் பெரும்பாலும் 43 கூப்பன் ஒட்டியபடியே இருக்கும். கடன் முடிய வேண்டிய ஆண்டு 1960. வருடத்துக்கு இரண்டு என்று 1960 ஜூலையிலிருந்து பின்னோக்கி 43 எண்ணினால் 1939 ஜூலையில் வந்து நிற்பீர்கள். யப்பானுடனான போர் நடுவில் இருந்தபோது சீனா வட்டியை நிறுத்தியது அப்போதுதான். இது போருக்காக எடுத்த கடன் இல்லை, போர் நிறுத்திய கடன். சேகரிப்பாளர்கள் இரண்டையும் ஒரே அட்டையில்தான் வைக்கிறார்கள்.

சில ஐரோப்பிய முறிகளில் கூப்பன் தாளின் கடைசித் துண்டு வட்டிக்கானது அல்ல. கூப்பன் தீர்ந்ததும் புதிய கூப்பன் தாள் கேட்டு வாங்குவதற்கான சீட்டு. அதையும் சேர்த்து எண்ணினால் கணக்குப் பிழைக்கும். ஜேர்மன் முறிகளில் முறி ஒரு தாள், கூப்பன் வேறு தாள். இரண்டும் சேர்ந்திருந்தால்தான் முழுமை. விற்பவர் ஒன்றை மட்டும் படம் போட்டிருந்தால் மற்றதைக் கேளுங்கள்.

வாசிப்பதற்குச் சுவையானது தென்மாநிலங்கள் 1863-இல் பாரிசின் எர்லாங்கர் வங்கி மூலம் ஐரோப்பாவில் எடுத்த 30 இலட்சம் பவுண் கடன். வட்டி 7 வீதம். ஒரு முறியிலேயே பவுண், பிராங்க், பருத்தி என மூன்று கணக்கு அச்சாகியிருக்கும்: 100 பவுண் என்றால் 2,500 பிராங்க், அல்லது 4,000 இறாத்தல் பருத்தி. இறாத்தல் 6 பென்ஸ் என்று கணக்கிட்டுப் பார்த்தால் சரியாக வரும். முற்றுகையைத் தாண்டிப் பருத்தியை ஏற்றிக்கொண்டு போவது வாங்கியவர் பாடு. துறைமுகங்களை வட தரப்புக் கப்பற்படை அடைத்து வைத்திருந்தது என்பதை முறி சொல்லாது.

செதுக்கு அச்சா, கல்லச்சா

செதுக்கு அச்சில், உருக்குத் தகட்டில் கோடுகளைக் கையாலும் இயந்திரத்தாலும் வெட்டுவார்கள். தகட்டில் மை பூசி, மேற்பரப்பைத் துடைத்து எடுத்தால் வெட்டிய பள்ளங்களில் மட்டும் மை நிற்கும். ஈரப்படுத்திய தாளை வைத்துக் கடுமையாக அழுத்தும்போது தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையை இழுத்துக்கொண்டு வரும். அதனால் மை தாளுக்கு மேல் திரண்டு நிற்கும். பழகுவதற்குச் சட்டைப்பையில் உள்ள புதிய ஆயிரம் அல்லது ஐயாயிரம் ரூபாய்த் தாளே போதும். பெரிய இலக்கத்தின் மேல் நகத்தை மெதுவாக ஓட்டினால் கரகரக்கும். முறியில் நகத்தை ஓட்டாதீர்கள். கைபேசி ரோச்சைத் தாளுக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்டப் படுக்கையாகப் பிடித்துப் பாருங்கள். திரண்ட கோடு சிறு நிழல் விழுத்தும். பல வருடம் புத்தகத்துக்குள் நசுங்கிக் கிடந்த முறியில் இந்தத் திரட்சி குறைந்திருக்கலாம், ஆகவே இது ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

10 மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடி கட்டாயம். செதுக்கிய கோடு ஒரே கருமையாக ஓடி, முனையில் ஊசி போல மெலிந்து முடியும். கல்லின் தட்டை மேற்பரப்பில் வரைந்து எடுக்கும் கல்லச்சில் கோடு தட்டை, ஓரம் மழுங்கல். இன்றைய வண்ண நகலில் கோடே இருக்காது. நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகளாக உடையும். லேசர் அச்சில் கோட்டைச் சுற்றி மினுங்கும் தூள் சிதறியிருக்கும்.

கல்லச்சு என்றவுடனே போலி என்று தூக்கி வைத்துவிட வேண்டாம். தொடக்கநிலையில் இந்தப் பிழைதான் அதிகம். தென்மாநிலங்களின் 1861 முறிகளில் சில, அமெரிக்கன் பாங்க் நோட் கம்பனியின் நியூ ஓர்லியன்ஸ் கிளையில் செதுக்கி அச்சானவை. போர் இறுகியதும் வடக்கிலிருந்த செதுக்குக் கலைஞர்களும் தகடுகளும் தாளும் எட்டாமற் போக, தங்கள் தலைநகர் ரிச்மண்டிலும் தென் கரோலினாவின் கொலம்பியா நகரிலும் கல்லச்சில் இறங்கினார்கள். ஆகவே அவர்களின் 1864 முறி கல்லச்சில் மங்கலாக இருப்பதுதான் இயல்பு. தாளைப் பார்த்தே கஜானாவின் நிலைமையைச் சொல்லலாம் என்பதில்தான் எங்களுக்கு இந்தச் சேகரிப்பின் ருசி; அழகான படத்தில் அல்ல.

போலிக்கு வேறு அடையாளங்கள் உண்டு. நினைவுப் பொருள் கடைகளுக்காக அடித்த நகல்கள் மொரமொரப்பான பழுப்புத் தாளில், எல்லாம் ஒரே தொடர் இலக்கத்தோடு இருக்கும். உண்மை முறியில் இலக்கம் தனியாக எழுத்தச்சில் குத்தப்பட்டிருக்கும் அல்லது பேனாவால் எழுதப்பட்டிருக்கும். தென்மாநில முறிகளில் திறைசேரிப் பதிவாளர் ரொபேர்ட் டைலரின் கையொப்பம் பல இடத்தில் வரும். பழைய இரும்பு மை என்பதால் பழுப்பாகி, அழுத்திய இடத்தில் கருத்திருக்கும். எல்லா முறியிலும் அச்சாகத் துல்லியமாக ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம். கடைகளில் கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கின்கீழ் பிடித்தால், 1950-ஐ ஒட்டிப் புழக்கத்துக்கு வந்த வெண்மையூட்டி கலந்த தாள் நீலமாகப் பளிச்சிடும்; அதற்கு முந்திய தாள் மங்கலாகவே கிடக்கும். பளிச்சிட்டால் போலி என்று துணியலாம். பளிச்சிடாவிட்டால் உண்மை என்று துணிய முடியாது, பழைய வெற்றுத் தாளில் அச்சடிக்கிறவனும் இருக்கிறான்.

“இதை மாற்றினால் கோடி வரும்”

வராது. சீன முறி, சார் கால ரஷ்ய முறி, ஜேர்மன் முறி என்று காட்டி, தங்கத்தில் திருப்பித் தருகிறார்கள், பத்திரம் தயார் செய்ய முற்பணம் மட்டும் கட்டுங்கள் என்று கேட்பது உலகளவில் நடக்கும் பழைய மோசடி. அமெரிக்கப் பிணைகள் பரிவர்த்தனை ஆணைக்குழு இதைப் பற்றித் தனியாகவே எச்சரித்திருக்கிறது. பிரித்தானியா சோவியத்துடன் 1986-இலும் சீனாவுடன் 1987-இலும், பிரான்ஸ் ரஷ்யாவுடன் 1996-இலும் பழைய முறிகளுக்கு ஒப்பந்தம் செய்து சிறு பங்கை வாங்கிக் கொடுத்துக் கணக்கை மூடிவிட்டன. இவை வாங்குவது சேகரிப்புக்கு. ‘பெறுமதிச் சான்றிதழ்’ ஒன்று சேர்த்துக் கோடிக்கணக்கில் விலை சொல்லும் எவரிடமிருந்தும் விலகுங்கள்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். வீட்டுப் பழைய இரும்புப் பெட்டியில் காணி உறுதிகளோடு அஞ்சலகச் சேமிப்புப் புத்தகமோ இலங்கைச் சேமிப்புச் சான்றிதழோ கிடந்தால், அதை உடனே சேகரிப்புப் பொருளாக எண்ண வேண்டாம். 1971-ஆம் ஆண்டின் 30-ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய சேமிப்பு வங்கிதான் அவற்றைப் பொறுப்பேற்றது. முதலில் அதன் கிளையில் காட்டிக் கேளுங்கள்.

வாங்குவதும் வருவிப்பதும்

இணைய ஏலங்களும் ஸ்பிங்க் போன்ற ஏல நிறுவனங்களும்தான் வழி. வாங்குமுன் இரண்டு பக்கமும் கூப்பன் தாளும் தெரிகிற படம் கேளுங்கள். பின்பக்கத்தைக் காட்டாத படத்தில் ஒட்டுநாடாவோ மெல்லிய தாள் ஒட்டிய திருத்தமோ மறைந்திருக்கும். மடிப்புக் கோடு விலையைப் பெரிதாகக் குறைக்காது, இவை மடித்து வைக்கப்பட்டவைதான். மடிப்பு வெட்டாகி ஓட்டை விழுந்திருந்தால், படத்தின்மேல் கறை இருந்தால், ஓரம் கத்தரித்திருந்தால் குறையும். துளையோ ‘செலுத்தப்பட்டது’ முத்திரையோ குறை அல்ல. கட்டிய அரசின் முறி அந்த அடையாளத்தோடுதான் மிஞ்சும்.

இரண்டு கெட்டி அட்டைக்கு நடுவே, மடிக்காமல் அனுப்பச் சொல்லுங்கள். கூப்பனோடு கூடிய முறி ஏ3 தாளைவிடப் பெரிதாக இருக்கலாம். சுருட்டி அனுப்பினால் பழைய தாள் மடிப்பில் வெடிக்கும். பொதி கொழும்பில் சுங்கம் தாண்டித்தான் மட்டக்களப்புக்கு வரும். விலைச்சீட்டில் நீங்கள் கொடுத்த விலையும் ‘செல்லுபடியற்ற, சேகரிப்புக்கான பழைய ஆவணம்’ என்ற குறிப்பும் இருக்கட்டும். ‘1,000 டொலர் பொண்ட்’ என்று மட்டும் எழுதி வந்தால் தேவையில்லாத விசாரணைதான். இங்கே கிடைத்த பழைய ஆவணத்தை வெளிநாட்டுக்கு விற்க நினைத்தால், 1988-ஆம் ஆண்டின் 73-ஆம் இலக்கக் கலாசார ஆதனச் சட்டம் இருக்கிறது. முன்கூட்டியே தொல்பொருள் திணைக்களத்தில் கேட்டுவிடுங்கள்.

வாவிக்கரையில் தாளைக் காப்பாற்றுவது

கிழக்குக் கரையில் மாரி தொடங்கினால் தை வரை வீட்டுக்குள்ளேயே ஈரப்பதன் 80 வீதத்தைத் தாண்டும். கச்சான் வீசும் மாதங்களில் காய்ந்து இறங்கும். தாளுக்கு ஈரத்தைவிட இந்த ஏற்ற இறக்கம்தான் கேடு: ஊதும், சுருங்கும், மடிப்பில் முறியும். 65 வீதத்துக்கு மேலே நிலைத்தால் பூஞ்சணம்.

முதலில் செய்யக்கூடாதது: லெமினேட். அடையாள அட்டை நகலிலிருந்து கோயில் படம் வரை எல்லாவற்றையும் லெமினேட் பண்ணுவது நம் ஊர்ப் பழக்கம். சூட்டில் உருகிய பசை நாருக்குள் இறங்கிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது, திரண்ட மையும் நசுங்கும், அந்த முறி விலைபோகாது. ஒட்டுநாடா, ஸ்டேப்ளர் கம்பி, காகிதக் கவ்வி எதுவும் வேண்டாம். உப்புக்காற்றில் கம்பி ஒரு மாரிக்குள் துருவேறித் தாளைத் தின்னும்.

ஒவ்வொரு முறியையும் மைலார் அல்லது மெலினெக்ஸ் என்ற பொலியெஸ்டர் உறையில் போடுங்கள். நான்கு பக்கமும் மூடிய உறை வேண்டாம், இரண்டு பக்கம் திறந்திருக்கட்டும். இல்லாவிட்டால் உள்ளே அகப்பட்ட ஈரம் அங்கேயே வேலை செய்யும். உறை கிடைக்கும்வரை முக்கோணத்துக்குள் 5 என்று போட்ட பொலிப்புரொப்பிலீன் கோப்புறை பரவாயில்லை. தொட்டால் மெத்தென்று, கடும் பிளாஸ்டிக் வாடை அடிக்கிற உறை பிவிசி. அது அமிலம் கக்கி மையை இழுத்துக்கொள்ளும். பின்னால் அமிலமற்ற அட்டை வையுங்கள். பத்திரிகைத் தாளில் சுற்றினால் அதன் மஞ்சள் முறியிலும் ஏறும்.

இறப்பர் விளிம்புள்ள, காற்றுப்புகாத பொலிப்புரொப்பிலீன் பெட்டியில் உறைகளைப் படுக்கையாக அடுக்குங்கள். உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணி கொஞ்சம், துணிப் பையில், தாளைத் தொடாமல். செம்மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாறும் மணி வாங்குங்கள். நீல மணியில் நச்சான கோபால்ட் உண்டு. சிறிய இலக்க ஈரமானி ஒன்றையும் உள்ளே வையுங்கள், குறி 45 முதல் 55 வீதம். சிலிக்காவை அள்ளிப் போட்டால் 30-க்குக் கீழே இறங்கித் தாள் மொரமொரத்து உடையும். அப்படி இறங்கினால் பாதியை வெளியே எடுங்கள். மணி பச்சையானதும் 120 பாகை அவனில் இரண்டு மூன்று மணிநேரம், ஆறிய பிறகே திரும்பப் போட வேண்டும். வெயிலில் காயவைத்தால் முழுதாக உலராது.

புதிதாக வந்த முறியை மற்றவற்றோடு உடனே சேர்க்காதீர்கள். தாள் அரிக்கும் பூச்சியும் முட்டையும் வந்திருக்கலாம். பொலித்தீன் பையில் காற்றை அமுக்கி வெளியேற்றி மூடி, ஆழ்குளிரில் மைனஸ் 18 பாகைக்குக் கீழே இரண்டு வாரம். எடுத்தபின் ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்கக்கூடாது. திறந்தால் குளிர்ந்த தாளில் நீர் படியும். பூச்சி உருண்டை பிளாஸ்டிக் உறையை இளக்கும். வேப்பிலை ஈரத்தைக் கொண்டுவரும்.

சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட ஆசை என்றால் நல்ல வண்ண நகல் எடுத்து அதை மாட்டுங்கள். மூலத்தைத்தான் மாட்ட வேண்டும் என்றால் கண்ணாடி தாளைத் தொடாதபடி நடுவில் அட்டை விளிம்பு வைக்கச் சொல்லுங்கள். மழை அடிக்கிற வெளிச்சுவர் வேண்டாம்.

1978 புயலும் 2004 சுனாமியும் இந்தக் கரையில் எத்தனை வீட்டு ஆவணங்களைக் கொண்டுபோயின என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெட்டி நிலத்தில் இருக்கக்கூடாது, மேல்தட்டில் இருக்கட்டும். ஒவ்வொரு முறியின் இரு பக்கத்தையும் 600 புள்ளி அடர்த்தியில் ஸ்கேன் செய்து, தொடர் இலக்கம், வாங்கிய விலை, திகதி எழுதிய பட்டியலோடு வேறு ஊரில் உள்ளவரிடமும் ஒரு பிரதி கொடுங்கள். தாள் நனைந்துவிட்டால் 48 மணிநேரத்துக்குள் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். வெயிலில் போடாமல், உறிஞ்சு தாளின் மேல் தனித்தனியாகப் பரப்பி, தாளுக்கு நேராக இல்லாமல் கூரையை நோக்கி விசிறியை ஓடவிட்டு உலர்த்துங்கள். ஒட்டிக்கொண்ட தாள்களைப் பிரிக்க இழுக்காதீர்கள். ஒரேயடியாக உலர்த்த முடியாத அளவுக்கு இருந்தால், நனைந்தபடியே பையில் போட்டுக் குளிரூட்டியில் உறையவைத்து, பிறகு ஒவ்வொன்றாக எடுத்து உலர்த்தலாம். கையொப்பம் பேனா மையில் இருந்தால் அந்த இடத்தை ஒற்றவே கூடாது. மை கரைந்து உறிஞ்சு தாளுக்குப் போய்விடும்.